லோர்னா கோக்க மறுத்த செபமாலை

1

பங்குனி மாதத்தோடு நான் கனடாவுக்கு வந்து இரண்டு வருடம் முடிந்தது. அதை நினைவுபடுத்தியவர் என் கணவர். எனக்கு ஐந்து வருடம் முந்தி வந்தவர் அவர். யார் எப்போது வந்தார்கள், யாருடைய விசா எப்போது முடிகிறது எல்லாம் அவருக்குப் பாடம். "ரெண்டு வருசம், றெஜினா. இன்னும் நீர் பனிச் சப்பாத்தை இடம்வலம் மாறித்தான் போடுறீர்" என்றார்.

அதே கிழமையில்தான் வேலைத்தலத்தில் லோர்னா என் முகத்துக்கு நேரே "இல்லை, செய்ய மாட்டேன்" என்றாள். அந்த ஒரு "இல்லை"யைப் பற்றித்தான் எழுத வந்தேன். ஊரிலிருந்து கடிதம் போடுகிற நீங்கள் பனியைப் பற்றி எழுதச் சொல்லிக் கேட்கிறீர்கள். பனி வெள்ளையாக விழும், கிடந்து கிடந்து ஊத்தையாகும். அதற்கு மேல் அதில் எழுத ஒன்றுமில்லை.

நான் வேலை செய்வது வினிபெக்கில் ஒரு ஆஸ்பத்திரியின் சலவைப் பகுதியில். யந்திரத்திலிருந்து சூடாக வரும் படுக்கை விரிப்புகளை இரண்டு பேர் இரண்டு பக்கம் பிடித்து மடிக்க வேண்டும். எனக்கு எதிர்ப்பக்கம் நிற்பவள் லோர்னா. எனக்கு நாற்பத்தொன்று, அவளுக்கு நாற்பத்துமூன்று. வடக்கே பெரிய ஏரிக்கரையில் பிறந்த க்ரீ இனத்தவள். நம்முடைய ஆட்கள் அவர்களைச் "செவ்விந்தியர்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

முதல் நாள் மேற்பார்வைக்காரர் ஒரு விண்ணப்பப் போமை வைத்துக்கொண்டு என்னிடம் "நீ இந்தியனா?" என்று கேட்டார். "இல்லை, சிலோன்" என்றேன். "அது இந்தியாதானே?" என்றார். பக்கத்தில் நின்ற லோர்னா, "அவள் இந்தியன் இல்லை. நான்தான் இந்தியன். அரசாங்கம் அட்டையே தந்திருக்கிறது" என்றாள். மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்குப் பகிடி விளங்கவில்லை. ஆனாலும் சிரித்தேன். இங்கே முதல் வருடம் முழுக்க அப்படித்தான் சிரித்தேன்.

சாப்பாட்டு நேரத்தில் லோர்னா பையிலிருந்து ஒரு துண்டுத் தோலை எடுப்பாள். தகரப் பேணி மூடிகளில் நிறம் நிறமாகக் கண்ணாடி மணிகளைக் கொட்டி வைப்பாள். கடுகைவிடக் கொஞ்சம் பெரிய மணிகள். இரண்டு ஊசி வைத்துத் தைப்பாள். ஒரு ஊசியில் மணிகளைக் கோத்துத் தோலில் கீறிய கோட்டின் மேல் படுக்க வைப்பாள், மற்ற ஊசியால் இரண்டு மணிக்கு ஒரு தடவை குத்தித் தோலோடு பிடிப்பாள். அரைமணித்தியாலத்தில் ஒரு இலை வரும். ஒரு பூ முடிய ஒரு கிழமை ஆகும். காதுக்குப் போடுவது, கழுத்துக்குப் போடுவது, காலுறை போன்ற தோல் சப்பாத்தின் மேற்பக்கம், எல்லாவற்றிலும் அந்தப் பூக்கள். வேலைத்தலத்தில் பல பெண்களின் காதுகளில் தொங்குவது அவளுடைய கைவேலைதான். விற்பாள். ஆனால் எல்லாவற்றையும் விற்கமாட்டாள். "இது விற்கிறதுக்கு இல்லை" என்று சொன்னால் பிறகு அதைப் பற்றிக் கதைக்க ஏலாது.

என் மகள் ஸ்ரெலாவுக்குப் பதினொரு வயது. பெந்தக்கோஸ்து நாளில் கோயிலில் அவளுக்கு உறுதிபூசுதல். அதற்கு ஒரு நல்ல செபமாலை லோர்னாவைக் கொண்டு செய்விக்கலாமே என்று நினைத்தேன். செபமாலைக்கு ஆங்கிலத்தில் என்ன பெயர் என்று எனக்கு அப்போது தெரியாது. "என் மகளுக்கு நீ யேசு மாலை செய்" என்றேன். அவள் சந்தோசமாக, "மகளுக்கா? என்ன நிறம் பிடிக்கும்?" என்று கேட்டாள். விளக்கமாகச் சொல்வதற்காக என் பையிலிருந்த செபமாலையை எடுத்து மேசையில் வைத்தேன்.

லோர்னாவின் முகம் கதவு சாத்தினது போல ஆகிவிட்டது.

"இல்லை. அதை நான் செய்ய மாட்டேன்."

மணிகளைத் திரும்பப் பேணிகளில் கொட்டி ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு எழும்பிப் போனாள். பின்னேரம் விரிப்பு மடிக்கும்போது அவள் தன் பக்கத்தைப் பிடித்தாள், நான் என் பக்கத்தைப் பிடித்தேன். ஒரு கதையும் இல்லை.

2

இப்போது மல்லாவியைச் சொல்ல வேண்டும்.

நான் முல்லைத்தீவுக் கரையில் பிறந்தவள். எங்களுடைய ஆட்கள் எல்லோரும் கடல் தொழில், கத்தோலிக்க வேதக்காரர். தொண்ணூற்றாறில் கரையை விட்டு வெளிக்கிட்டு, கடைசியில் மல்லாவிக்குப் பக்கத்தில் காடு வெட்டிய இடத்தில் கொட்டில் போட்டு இருந்தோம். நானும் ஸ்ரெலாவும். இவர் அப்போதே கனடாவில். காலையில் மரங்களுக்குக் கீழே பிள்ளைகளுக்குப் படிப்பித்தேன். பின்னேரங்களில் பங்குக் கோயிலின் நிவாரணக் குழுவுக்குப் போம் நிரப்பிக் கொடுத்தேன். எழுதத் தெரிந்த ஆள் என்றபடியால் அந்த வேலை என் தலையில் விழுந்தது. எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. இல்லை என்று சொல்லமாட்டேன்.

அடுத்த கொட்டிலில் பாக்கியம் இருந்தாள். மலையகத்து ஆட்கள். அவளுடைய அப்பா காலத்தில் தேயிலைத் தோட்டத்தை விட்டு வந்து கிளிநொச்சிப் பக்கம் காணி வெட்டிப் பயிர் செய்தவர்கள். எங்களைப் போலவே இடம்பெயர்ந்து வந்திருந்தார்கள். புருசன் முருகேசு, இரண்டு பிள்ளைகள். பாக்கியத்தின் கழுத்தில் மஞ்சள் கயிற்றில் கோத்த கருகமணி. இருந்த தங்கம் எப்போதோ போய்விட்டது. "எங்க ஆளுகளுக்குத் தங்கம் கணக்கில்ல டீச்சர். இந்தக் கறுப்பு மணிதான் கணக்கு. இது இருந்தா அவரு இருக்காருன்னு அர்த்தம்" என்று ஒரு நாள் சொன்னாள்.

தொண்ணூற்றேழு மாசியில் பிள்ளைகள் இரண்டுக்கும் மலேரியா. மருந்து கிடைக்கவில்லை. முருகேசு சைக்கிளை எடுத்துக்கொண்டு காட்டுப் பாதையால் வவுனியாவுக்கு மாத்திரை வாங்கப் போனார். வரவில்லை. இரண்டு மாதம் கழித்து ஒருவர் வந்து, ஓமந்தைப் பக்கம் காட்டுக்குள் ஒரு சைக்கிளும் இரத்தம் பட்ட சேட்டும் கிடந்ததைக் கண்டதாகச் சொன்னார். சைக்கிளின் நிறம் சரியாக இருந்தது. பாக்கியம் மட்டும் நம்பவில்லை. "சைக்கிள்தானே கெடந்துச்சு, ஆளு கெடக்கலையே" என்றாள்.

புரட்டாதியில் மழை இருட்டத் தொடங்கியது. அவளுடைய கொட்டில் கிடுகெல்லாம் உக்கிப் போயிருந்தது. அந்த நேரம் பார்த்து, புருசனை இழந்த பெண்களுக்குக் கூரைத் தகரமும் தையல் மெசினும் கொடுக்க ஒரு திட்டம் வந்தது. நான் பாக்கியத்தின் பெயரை எழுதினேன். கிராம அலுவலரான விதானையார் போமில் சையின் வைக்க மாட்டேன் என்றார்.

"ரீச்சர், நீங்களே சொல்லுங்கோ. கழுத்தில கருகமணி, நெத்தியில குங்குமம். இவவை விதவையெண்டு நான் எப்பிடிச் சையின் வைக்கிறது? நாளைக்கு மேலிடத்தில இருந்து பார்க்க வந்தால் என்ர தலைதான் போகும்."

"அவர் காணாமல் போய் ஏழு மாசம், ஐயா."

"காணாமல் போனவைக்கு இதில இடமில்லை. ஒண்டில் இருக்கிறார், இல்லாட்டில் இல்லை."

நான் பாக்கியத்தின் கொட்டிலுக்குப் போனேன். பிள்ளைகள் இரண்டும் சாக்கில் சுருண்டு படுத்திருந்தன. மேலே பார்த்தால் வானம் தெரிந்தது.

"பாக்கியம், அதைக் கழட்டி வை" என்றேன்.

"எதை டீச்சர்?"

"கழுத்தில இருக்கிறதை. ரெண்டு மூண்டு நாளைக்குத்தான். விதானையார் வந்து பார்த்திட்டுப் போகட்டும்."

"அவரு செத்துட்டாருன்னு யாரு சொன்னா?"

"ஒருத்தரும் சொல்லேல்ல. ஆனால் பிள்ளையளைப் பார். மாரி வந்தால் எங்க வைச்சிருக்கப் போறாய்? உன்ர நன்மைக்குத்தான் சொல்லுறன்."

அவள் கையைக் கழுத்துக்குப் பின்னால் கொண்டுபோனாள். முடிச்சு இறுகிப் போயிருந்தது. அவிழ்க்கிறாளா, அவிழ்ப்பது போல இருக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. என்னோடு வந்த விதானையார் ஒழுங்கையில் சைக்கிளோடு நின்றார். எனக்கு அவசரம். என் பையில் பள்ளிக்கூடத்துக் கத்தரிக்கோல் இருந்தது. "விடு, நான் செய்யிறன்" என்று சொல்லிக் கயிற்றை வெட்டினேன்.

மணிகள் மண்ணில் சிதறின. பாக்கியம் ஒரு சத்தம் போட்டாள், அவ்வளவுதான். ஸ்ரெலா என்னோடு வந்திருந்தாள். ஏழு வயது. குந்தியிருந்து மணிகளைப் பொறுக்கித் தந்தாள். அவளுக்கு அது விளையாட்டு என்று நினைத்தேன்.

விதானையார் சையின் வைத்தார். தகரம் வந்தது. அந்த மாரியில் அவளுடைய பிள்ளைகள் நனையவில்லை. நான் செய்தது சரி என்று எனக்கு அப்போது ஒரு சந்தேகமும் இருக்கவில்லை. பாக்கியம் மட்டும் பிறகு என்னோடு அளவாகத்தான் கதைத்தாள். மணிகளைத் திரும்பக் கோத்துப் போடவுமில்லை. "அறுத்தது அறுத்ததுதான் டீச்சர்" என்றாள். அடுத்த வைகாசியில் எங்கள் பக்கமிருந்து வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்கு உழவு மெசினில் ஆட்கள் போனார்கள். புருசன் திரும்பி வரவேண்டுமென்று அந்த அம்மாளுக்கு நேர்த்தி வைத்திருந்தவள் அவள். ஏறவில்லை. "கழுத்து வெறுங்கழுத்தா அந்த அம்மாளுக்கு முன்னாடி என்னன்னு போய் நிக்கிறது?" என்று கேட்டாளாம்.

ஆனியில் முருகேசு வந்தார்.

ஓமந்தைப் பக்கம் ஆமியிடம் பிடிபட்டு, இவ்வளவு காலமும் உள்ளே இருந்திருக்கிறார். ஒரு கால் இழுத்து நடந்தார். சனம் எல்லாம் ஓடிப்போய்ப் பார்த்தது. நானும் போனேன். அவர் சத்தம் போடவில்லை, அழவில்லை. பாக்கியத்தின் கழுத்தைப் பார்த்தார். "நான் செத்தேன்னு நீயுமா நம்புன?" என்று மட்டும் கேட்டார். பாக்கியம் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான்தான் வெட்டினேன் என்று அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கொட்டிலுக்குத் திரும்பி வந்துவிட்டேன்.

அடுத்த நாள் அவள் பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். "டீச்சர், அவரு உசிரோட இருக்காருன்னு மாத்தி எழுதிக் குடுங்க" என்றாள். எழுதிக்கொண்டு போனேன். விதானையார் தலையைச் சொறிந்தார். "பட்டியல் கச்சேரிக் கந்தோருக்குப் போயிட்டுது ரீச்சர். செத்தவரை எழுத இடமிருக்கு. உயிர்த்தெழும்பினவரை எழுத இந்தப் போமில இடமில்லை" என்றார். அதன் பிறகு பாக்கியம் என்னோடு கதைக்கவில்லை. தொண்ணூற்றொன்பது தொடக்கத்தில் நான் ஸ்ரெலாவைக் கூட்டிக்கொண்டு வெளிக்கிட்டபோது, அவளுடைய கொட்டில் வாசல் சாத்தியிருந்தது. பிறகு பூவரசங்குளத்தில் குடியேறிவிட்டார்கள் என்று ஒரு கடிதத்தில் அறிந்தேன்.

3

லோர்னா "இல்லை" சொல்லி ஒரு கிழமைக்குப் பிறகு, மடித்த விரிப்பை அடுக்கும்போது, "சனிக்கிழமை வீட்டுக்கு வா. மகளையும் கூட்டி வா. அவள் உன் மொழியில் சொல்லித் தருவாள்" என்றாள். என் ஆங்கிலம் போதாது என்று அவளுக்குத் தெரியும். போகாமல் விடுவோமா என்று யோசித்தேன். ஸ்ரெலா போக வேண்டும் என்று நின்றாள்.

சின்ன வீடு. உள்ளே போனதும் புகை போட்ட தோலின் மணம். மேசை முழுக்க மணி. மருமகளுக்குப் பிறக்கப் போகிற பிள்ளைக்குச் சின்னத் தோல் சப்பாத்து ஒரு சோடி தைத்துக்கொண்டிருந்தாள். என் உள்ளங்கைக்குள் இரண்டும் அடங்கிவிட்டன. மேலே காட்டுரோசா, மூன்று பூவும் ஒரு மொட்டும்.

"இது என் அம்மாவின் பூ" என்றாள் லோர்னா. ஸ்ரெலா தமிழில் சொன்னாள். "பூ எல்லோருக்கும் பொது. ஆனால் இப்படி மூன்றும் ஒன்றுமாய், தண்டு இப்படி வளைந்து வருவது எங்கள் வீட்டுக்கு மட்டும். ஒரு பிள்ளை எங்கே போனாலும் காலைப் பார்த்தால் யாருடைய பிள்ளை என்று தெரியும். ஆற்றில் ஒருவர் இறந்து கிடந்தாலும், எந்த வீட்டுக்குச் சொல்லி அனுப்ப வேண்டும் என்று தெரியும்."

எனக்கு அது உடனே விளங்கியது. எங்கள் கரையிலும் வலையில் கட்டியிருக்கிற அடையாளத்தைப் பார்த்துத்தான் யாருடைய வலை என்று சொல்வோம். அதைச் சொன்னேன். ஸ்ரெலா ஆங்கிலத்தில் சொன்னாள். லோர்னா தலையாட்டினாள். கண்ணாடி மணி அவர்களுடைய மண்ணில் விளைந்ததில்லை, தோல் வாங்க வந்த வெள்ளைக்காரர் கொண்டுவந்தது என்றாள். அதற்கு முன்னர் முள்ளம்பன்றி முள்ளில் சாயம் போட்டு இதே பூக்களைத் தைத்தார்களாம். "மணி அவர்களுடையது. எங்கே வைப்பது என்பது எங்களுடையது." தங்கள் மொழியில் மணிக்கு "மீகிஸ்" என்றும் சொல்லித் தந்தாள். ஸ்ரெலா அதை மூன்று தரம் சொல்லிப் பார்த்தாள். தமிழில் நான் ஒரு சொல்லை மூன்று தரம் சொல்லச் சொன்னால் முகத்தைத் திருப்புகிறவள்.

பிறகு லோர்னா அந்தக் கதையைச் சொன்னாள்.

ஆறு வயதில் அவளை அரசாங்க ஆட்கள் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனார்கள். விருப்பம் கேட்டு இல்லை. தூரத்தில், வீட்டுக்கு வரமுடியாத இடத்தில், கன்னியர் மடத்துச் சிஸ்ரர்மார் நடத்திய பள்ளிக்கூடம். எங்கள் வேதம்தான். அனுப்ப முந்தின கிழமை தாய் இருந்து ஒரு சோடி சப்பாத்துத் தைத்துப் போட்டு விட்டா. மூன்று பூவும் ஒரு மொட்டும். முதல் நாளே ஒரு சிஸ்ரர் அதைக் காலில் இருந்து கழற்றி, பூப் போட்ட துண்டை வெட்டி எடுத்து, எல்லாவற்றையும் அடுப்பில் போட்டா. கழுத்திலே ஒரு செபமாலையைப் போட்டுவிட்டா. பிறகு பத்து வருடம், காலையும் மாலையும், அந்த மணியைத்தான் உருட்ட வேண்டும். தாயின் பாசையில் வாய் திறந்தால் அடி.

லோர்னா நிறையக் கதைத்தாள். ஸ்ரெலா ஒரு இடத்தில் நிறுத்தினாள். லோர்னாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு, "அந்தச் சிஸ்ரர் கூடாதவவாம், அம்மா. எல்லாத்தையும் எரிச்சவவாம்" என்று சுருக்கமாகச் சொல்லி முடித்தாள்.

"அதனால்தான் அதை என் கையால் கோக்க மாட்டேன்" என்றாள் லோர்னா. "உன் மேல் கோபம் இல்லை. ஆனால் கோக்க மாட்டேன்."

நான் கண்ட சிஸ்ரர்மார் வேறு. கரையை விட்டு ஓடும்போது தங்கள் சட்டையில் சேறு அப்ப, வயது போனவர்களைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தவர்கள் அவர்கள். சாப்பாட்டைக் கடைசியாக எடுத்தவர்கள். அதைச் சொன்னால் அவளுடைய கதைக்கு மறுகதை சொல்வதாகிவிடும் என்று பேசாமல் இருந்தேன். பஸ்ஸில் திரும்பி வரும்போது மனதைத் தேற்றிக்கொண்டேன். அங்கே கூடாதவர்கள் இருந்திருக்கிறார்கள், எங்களுடையவர்கள் நல்லவர்கள். அவ்வளவுதான் விசயம்.

4

பெரிய வெள்ளிக்கு முந்தின நாள். விரிப்பு மடித்துக்கொண்டிருந்தோம். லோர்னாவோடு திரும்பக் கதை வந்துவிட்டது. எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், ஆறுதலாக இருக்கட்டும் என்று சொன்னேன். "உன் சிஸ்ரர், கூடாத சிஸ்ரர். என் ஊர் சிஸ்ரர், நல்ல சிஸ்ரர்."

லோர்னா விரிப்பைப் பிடித்தபடி நின்றாள்.

"கூடாதவள் என்று நான் சொல்லவில்லையே. அவள் நல்லவள். முதல் நாள் என் தலையைக் கழுவித் துடைத்து, இங்கே கொஞ்சினாள்." நெற்றியைத் தொட்டுக் காட்டினாள். எனக்கு விளங்க வேண்டுமென்று ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். "'உன் நன்மைக்குத்தான்' என்று சொன்னாள். சொல்லிவிட்டுக் கத்தரிக்கோலை எடுத்தாள். அடித்தவர்களை எனக்கு வெறுக்கத் தெரியும். அவளை என்ன செய்வதென்றுதான் இன்னும் தெரியவில்லை. உன் மகளுக்குச் சொன்னேனே?"

"உன் நன்மைக்குத்தான்." இந்த ஒரு வசனத்துக்கு எனக்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை. குடிவரவுக் கந்தோரில், பல் வைத்தியரிடம், பள்ளிக்கூடத்தில், இந்த நாட்டில் எனக்கு அதிகம் சொல்லப்பட்ட வசனம் அதுதான். மிச்ச விரிப்பை எப்படி மடித்தேனோ தெரியாது.

பின்னேரம் வீட்டுக்கு வந்தபோது ஸ்ரெலா குசினி மேசையில் பள்ளிக்கூட வேலை செய்துகொண்டிருந்தாள். சப்பாத்தைக் கூடக் கழற்றாமல் கேட்டேன்.

"அந்தச் சிஸ்ரர் நல்லவ எண்டு லோர்னா சொன்னவவே?"

அவள் பென்சிலை வைத்தாள். "ஓம்."

"வேறை என்ன சொன்னவ?"

கொப்பியை மூடினாள்.

"ஏன் எனக்குச் சொல்லேல்ல? உனக்குத் தமிழ் வரேல்லையோ?"

"தமிழ் தெரியும் அம்மா." அவளுடைய கண் நிறைந்துவிட்டது. "நீங்கள் பாக்கியம் அன்ரிக்கும் அப்பிடித்தானே சொன்னனீங்கள். உன்ர நன்மைக்கு எண்டு. பிறகு கத்தரிக்கோலை எடுத்தனீங்கள். நான் பார்த்துக்கொண்டு நிண்டனான். மணியெல்லாம் பொறுக்கினனான். ஒண்டு கதவுக்குக் கீழ உருண்டு போனது, நான் எடுக்கப் போக நீங்கள் 'காணும், வா' எண்டு கையைப் பிடிச்சு இழுத்தனீங்கள். அன்ரி அழுதவா."

"அழேல்லையே."

"நீங்கள் விதானையாரிட்டப் போயிட்டீங்கள். நான் திரும்பிப் பார்த்தனான். அழுதவா."

இந்தப் பிள்ளைக்கு ஊர் மறந்துபோய்விட்டது என்று நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன். வெங்காயத்துக்குப் பெயர் தெரியாது, சித்திக்கும் மாமிக்கும் வித்தியாசம் தெரியாது என்று ரெலிபோனில் முறையிட்டிருக்கிறேன். அவளுக்கு இது ஞாபகம் இருந்திருக்கிறது. எனக்கு நோகக்கூடாதென்று, லோர்னாவின் மேசையில் இருந்து, இரண்டு மொழிக்கும் நடுவில் அந்த வசனத்தை ஒளித்திருக்கிறாள். பதினொரு வயதில் ஒரு பிள்ளை தாய்க்குச் செய்யக்கூடாத வேலை அது. அவளை அந்த இடத்தில் கொண்டுபோய் இருத்தியது நான்தான்.

சப்பாத்தைக் கழற்றினேன். அவளுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தேன். "நான் செய்தது பிழை" என்று அவளுக்குச் சொன்னேன். அதை முதல் தரம் வாய்விட்டுச் சொன்னது என் பிள்ளைக்குத்தான்.

5

உயிர்ப்பு ஞாயிறு முடிந்து வேலைக்குப் போனதும் லோர்னாவுக்கு முழுவதையும் சொன்னேன். சொல் வராத இடத்தில் கையால் காட்டினேன். கழுத்தைக் காட்டினேன், வெட்டுவது போல விரலைக் காட்டினேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். அவள் என்னை வெறுப்பாள் என்று ஒரு பயம், பரவாயில்லை என்பாள் என்று ஒரு ஆசை. இரண்டும் நடக்கவில்லை.

"அந்தப் பெண்ணுக்குச் சொன்னாயா?" என்று கேட்டாள்.

"இல்லை."

"அப்படியானால் எனக்கு ஏன் சொல்கிறாய்?"

யந்திரத்திலிருந்து அடுத்த விரிப்பு வந்தது. பிடித்தோம்.

அன்றைக்கே பூவரசங்குளத்துக்குக் கடிதம் எழுதத் தொடங்கினேன். முகவரி தெரியாது. பாக்கியம், முருகேசு மனைவி, மல்லாவியில் இருந்து வந்து குடியேறியவர் என்று எழுதி, தபாற்கந்தோர்க்காரர் புண்ணியம் என்று விட்டேன். போம் எழுதிப் பழகிய கைக்கு அந்தக் கடிதம் மூன்று தரம் கிழிபட்டது. முதல் மூன்றிலும் மழையைப் பற்றியும் பிள்ளைகளைப் பற்றியும் காரணம் காரணமாக எழுதியிருந்தேன். நாலாவதில் காரணத்தை எல்லாம் விட்டேன். கயிற்றை வெட்டியது என் கை. முருகேசு கேட்ட நேரம் வாய் திறக்காமல் போனதும் நான்தான். அதை அவருக்கும் வாசித்துக் காட்டச் சொல்லி எழுதினேன்.

உறுதிபூசுதல் நல்லபடியாக நடந்தது. ஸ்ரெலாவின் கையில் என்னுடைய பழைய செபமாலையே இருந்தது. லோர்னாவைக் கோயிலுக்குக் கூப்பிடவில்லை. திங்கட்கிழமை அவள் ஒரு சின்னப் பொட்டலம் தந்தாள். மகளின் தலைமயிருக்குக் குத்துகிற கிளிப். தோலில் நீல மணிகளால் ஒரு மீன். "கோயிலுக்கு இல்லை, பள்ளிக்கூடத்துக்கு" என்றாள். "என் அம்மாவின் பூவைத் தரமுடியாது. அது எங்கள் பிள்ளைகளுக்கு. நீங்கள் கடல் ஆட்கள்தானே, யாருடைய பிள்ளை என்று தெரியட்டும்." ஸ்ரெலா அதை ஒவ்வொரு நாளும் குத்திக்கொண்டு போகிறாள். பள்ளிக்கூடத்தில் இது என்ன என்று கேட்டால் என்ன சொல்கிறாளோ, நான் கேட்கவில்லை.

பதில் ஆனி நடுப்பகுதியில் வந்தது. கொப்பித் தாள் ஒன்று, இரண்டு பக்கமும் எழுதி. பாக்கியத்துக்கு எழுதத் தெரியாது. அவளுடைய மூத்த பிள்ளை எழுதியிருந்தாள். நான் வாசிக்க எடுத்தபோது ஸ்ரெலா, "நான் வாசிக்கட்டே?" என்றாள். அவள் தமிழ் எழுத்தைக் கூட்டிக் கூட்டித்தான் வாசிப்பாள். தாளைக் கொடுத்தேன். ஒரு விரலை வரிக்குக் கீழே வைத்துக்கொண்டு தொடங்கினாள்.

"டீச்சருக்கு. அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதுறேன். கடுதாசி கெடச்சுச்சு. நாங்க சொகம். அப்பாவுக்குக் கால் இன்னும் சரியில்ல, ஆனா தோட்டத்துல வேலை செய்யுறாரு. தங்கச்சி ஆறாவது படிக்கிறா. ஒங்க கடுதாசிய நான் ரெண்டு பேருக்கும் சத்தமா வாசிச்சேன். அப்பா எழும்பி வெளிய போயிட்டாரு. மறுநாளு வவுனியாவுக்குப் போய் கருகமணி வாங்கிட்டு வந்தாரு. அம்மாகிட்ட குடுத்து, நான் செத்தேன்னு நீ நம்பலன்னு எனக்கு இப்பத்தான் தெரியுதுன்னு சொன்னாரு. மூணு வருசமா ரெண்டு பேரும் அதப் பத்திப் பேசுனதே இல்ல. அம்மா இப்ப போட்டிருக்கு."

ஸ்ரெலா மூச்செடுத்தாள். தாளைத் திருப்பினாள். அடுத்த வரியை மனதுக்குள் கூட்டிப் பார்த்தது அவளுடைய உதட்டில் தெரிந்தது. நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"என்ன இருக்கோ அதை வாசி" என்றேன்.

விரலை நகர்த்தி, ஒவ்வொரு எழுத்தாக வாசித்தாள்.

"அம்மா இதையும் எழுதச் சொல்லுது. டீச்சர் மேல கோவம் இன்னும் போகல. ஆனாலும் நீங்க திரும்பவும் எழுதுங்க."